விலை ஏறுகிறதா, ஏற்றுகிறார்களா?

தமிழில் விலை ஏறும். கடைக்காரர் விலையை ஏற்றுவார். ஆங்கிலத்திலும் அதே பிரிவுதான். தானாக ஏறினால் 'ரைஸ்', 'கோ அப்'. ஒருவர் ஏற்றினால் 'ரெய்ஸ்', 'புட் அப்'. 'தே ரோஸ் த பிரைஸ்' தவறு; 'ரெய்ஸ்டு' என்பதே சரி. 'இன்க்ரீஸ்' இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் அதோடு 'அப்' ஒட்டவே ஒட்டாது.

பலரும் சறுக்கும் இடம் 'பை', 'டு'. சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்க்ரீஸ்டு டு 25,000' என்றால் இனி 25,000. 'பை 25,000' என்றால் 45,000! கடிதத்தில் இதை இருமுறை சரிபாருங்கள்.

சத்தத்தைக் கூட்ட 'டர்ன் அப்'. 'இட்' வந்தால் நடுவில்தான்: 'டர்ன் இட் அப்'. ஆள் 'டர்ன் அப்' ஆனால் வந்து சேர்ந்தார் என்று பொருள். உற்பத்தியைக் கூட்டுவது 'ராம்ப் அப்'.