ஜெர்மன் ஓவனில் நம்மூர் தேங்காய் பிஸ்கட்

ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பலருக்கும் நம்மூர் பேக்கரித் தேங்காய் பிஸ்கட்மேல் ஆசை வந்துவிடும். வாடகை வீட்டில் ஓவன் இருந்தால் பாதி வேலை முடிந்தது (சமையலறைச் சாமான் எதுவுமே இல்லாமல் வெறும் சுவராகத் தரும் வீடுகளும் இங்கே உண்டு). மீதிப் பாதி சூப்பர்மார்க்கெட்டில் எந்தப் பாக்கெட்டை எடுப்பது என்பது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

மைதா என்று கேட்டால் கடையில் விழிப்பார்கள். 'வைட்சன்மேல்' (கோதுமை மாவு) பாக்கெட்டில் 405 என்று போட்டிருப்பதுதான் மைதாவுக்குப் பக்கத்தில் வரும். 100 கிராம் மாவை எரித்தால் சுமாராக எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏறத் தவிடு கூடும். 550 போட்டாலும் பிஸ்கட் வரும், கொஞ்சம் கடினமாக இருக்கும். 1050 சப்பாத்திக்கு ஆகும், இதற்கு வேண்டாம். பேக்கிங் பவுடர் சின்னச் சின்னப் பொட்டலமாக வரும். ஒரு பொட்டலம் 500 கிராம் மாவுக்கானது. அதை அப்படியே 200 கிராம் மாவில் கொட்டினால் பிஸ்கட் வெடித்து உப்பும், நாக்கில் கரிக்கும். வெண்ணெய் 250 கிராம் கட்டி. உறைத் தாளிலேயே 50 கிராமுக்கு ஒரு கோடு இருப்பதால் தராசு தேவையில்லை. பெரும்பாலும் உப்பில்லாத வெண்ணெய், ஆகவே ஒரு சிட்டிகை உப்பை மறக்கக் கூடாது.

தேங்காயில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 'கோகோஸ்ராஸ்பெல்' என்று 200 கிராம் பாக்கெட்டில் விற்பது நன்றாகக் காயவைத்த துருவல். அதில் ஈரமே இல்லை என்று சொல்லலாம். அப்படியே போட்டால் மாவிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். உருட்டும்போது உருண்டை விரிசல் விடும், வெந்தபின் பொலபொலவென்று உதிரும். 100 கிராம் துருவலில் 2 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலைத் தெளித்துக் கால் மணி நேரம் மூடி வையுங்கள், போதும். தமிழ்க் கடையில் உறையவைத்து விற்கும் துருவல் இதற்கு நேர் எதிர். அதில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதைப் போட்டால் பிஸ்கட் மொறுமொறுப்பு ஆகாது, நாலு நாளில் பூசணம் பிடிக்கும். 180 கிராம் எடுத்துச் சிறு தீயில், நிறம் மாறாமல், கையில் ஒட்டாத மணல்போல் ஆகும்வரை வறட்டுங்கள். எடை 100, 110 கிராமுக்கு இறங்கியதும் நிறுத்தலாம். முழுக்க ஆறவிடாமல் சேர்த்தால் வெண்ணெய் உருகிவிடும். மணத்தில் என்னவோ இதுதான் ஒரு படி மேல். இதற்குப் பால் தெளிக்க வேண்டாம், மாவு சேராவிட்டால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி.

அளவு: மாவு 200 கிராம், துருவல் 100, வெண்ணெய் 125, பொடித்த சர்க்கரை 100, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நாலு. முட்டை வேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, மற்றதைச் சேர்த்துப் பிசையாமல் திரட்டுங்கள். பிசைந்தால் இறுகிவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 18 கிராம் உருண்டைகளாக உருட்டி, துருவலில் புரட்டி, லேசாகத் தட்டுங்கள். முப்பது பிஸ்கட் வரும். பிஸ்கட் தட்டில் வழிந்து அப்பளமாகப் பரவினால் மாவு குளிரவில்லை, அல்லது பொடிக்காத சர்க்கரை போட்டிருக்கிறீர்கள்.

ஓவன் குமிழில் எழுத்து இருக்காது, படம்தான். மேலும் கீழும் ஒவ்வொரு கோடு இருந்தால் இரு பக்கச் சூடு: 170 டிகிரி, நடுத்தட்டு, 14 நிமிடம். விசிறிப் படம் இருந்தால் காற்று சுற்றும், 20 டிகிரி குறைத்து 150 வையுங்கள். குறைக்காவிட்டால் வெளியே ஒட்டிய துருவல் முதலில் கருகும், நடு வேகாது. ஓரம் பொன்னிறமானதும் எடுங்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், பயப்பட வேண்டாம், ஆறினால்தான் இறுகும். ஐந்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும்.

டிசம்பரில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பிஸ்கட் டப்பாவில் 'கோகோஸ்மக்ரோனன்' இருக்கலாம். தூத்துக்குடி மக்ரூனுக்கு ஒன்றுவிட்ட உறவு. அங்கே முட்டை வெள்ளையோடு முந்திரி, இங்கே தேங்காய். நாலு முட்டை வெள்ளையைச் சர்க்கரை 200 கிராம் சேர்த்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்து, துருவல் 200 கிராமை மெல்லக் கலந்து, 150 டிகிரியில் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வையுங்கள். இதற்குத் துருவலை நனைக்கக் கூடாது. அடியில் வைக்கும் 'ஒப்லாட்டன்' என்ற மெல்லிய வெள்ளை வில்லையைச் சேர்த்தே சாப்பிடலாம், உரிக்க வேண்டாம். மிக்ஸர் வேலையை மட்டும் இரவு பத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் சத்தம் கேட்டால் கீழ் வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

மக்ரோனையும் பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். மக்ரோனின் ஈரத்தைப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு மறுநாளே நமத்துவிடும்.