118 கிலோ எடைக்கு ஒரு சைக்கிள்: பின் சக்கரத்திலிருந்து தொடங்கிய தேர்வு

என் எடை 118 கிலோ. இந்த எடையோடு தினமும் ஓட்டுவதற்கு ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக என் உடம்புக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொண்டு வருகிறேன். இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஃபிரேமைப் பார்ப்பார்கள், கியர் எத்தனை என்று கேட்பார்கள், நிறத்தில் மனதைப் பறிகொடுப்பார்கள். கனத்த உடம்புக்காரர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது பின் சக்கரத்தை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது நண்பர் இரவல் கொடுத்த ஒரு சைக்கிள். அதில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். உடனே சக்கரம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. ஒரு ஸ்போக் கம்பி போயிருந்தது. கழற்றிப் பார்த்தால், கம்பி நடுவில் அறுபடவே இல்லை. சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் துளைக்குள் நுழைந்து வளைகிற இடத்தில் உடைந்து, கொண்டை மட்டும் துளையிலேயே தங்கிவிட்டது. உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வழவழப்பாக இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. வழவழப்பான பகுதி, நாள்பட நாள்பட விரிசல் ஊர்ந்து வந்த பாதை. சொரசொரப்பான பகுதி, மிஞ்சியிருந்த உலோகம் தாங்க முடியாமல் கடைசியில் ஒரே இழுப்பில் அறுந்த இடம். அன்று நான் ஏறிய பள்ளத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை. அந்தக் கம்பி வெகுநாளாகவே செத்துக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தபோதுதான் சக்கரத்தின் மீது எனக்கு மரியாதை வந்தது. சக்கரத்தின் கம்பிகள் எல்லாமே இழுத்துக் கட்டப்பட்டவை. தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வருகிற கம்பி, பாரத்தால் சற்றுத் தளர்கிறது. அந்த இடத்தைக் கடந்ததும் மறுபடி இறுகுகிறது. 47-622 அளவு (47 மில்லிமீட்டர் அகலம், 622 மில்லிமீட்டர் ரிம் விட்டம்) டயர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சக்கரம் ஏறக்குறைய 450 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து இறுகும். ஓட்டுகிறவரின் எடை கூடக்கூட இந்தத் தளர்வும் கூடுகிறது. கம்பி ஏற்கெனவே தொளதொளவென்று இருந்தால், கீழே வரும்போது இழுவிசை முழுவதும் போய்விடுகிறது. அப்போது கம்பியை ரிம்மில் இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகான நிப்பிள் தானாகக் கழன்று கொடுக்கும், பக்கத்துக் கம்பிகளின் மேல் பாரம் ஏறும். பிறகு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பிக்கும். உடைந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாததும் இதனால்தான்.

பின் சக்கரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் மொத்தப் பாரத்தில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம், பின்னால்தான் இறங்குகிறது. அதோடு வலப் பக்கத்தில் கியர் பற்சக்கரங்கள் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் அதிக இறுக்கத்தோடும், இடப் பக்கக் கம்பிகள் சாய்வாகவும் குறைந்த இறுக்கத்தோடும் இருக்கும். விரலால் மீட்டிப் பார்த்தாலே தெரியும். வலப் பக்கம் உச்ச சுருதியிலும் இடப் பக்கம் கீழ் சுருதியிலும் ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். எந்தச் சைக்கிளைப் பார்க்கப் போனாலும் நான் செய்த முதல் வேலை இந்த மீட்டல்தான். நடுவில் ஒரு கம்பி 'தொப்' என்று ஒலித்தால் அந்தச் சக்கரத்தை யாரும் கையால் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

கம்பிகளின் எண்ணிக்கை அடுத்தது. 24, 28 கம்பிகள் வைத்த சக்கரங்கள் அழகாக இருக்கும், எனக்கு ஒத்துவராது. 32 பரவாயில்லை, பின்னால் 36 இருந்தால் நிம்மதி. இது புதிய ஞானமும் இல்லை. பிரிட்டிஷ் பாணிப் பழைய கறுப்புச் சைக்கிள்கள் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகளோடு வந்தவை. ஆளையும் மூட்டையையும் கேரியரில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்று தெரிந்தே அப்படிச் செய்தார்கள். ரிம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். டயரைக் கழற்றி உள்ளே பார்த்தால், நிப்பிள்களின் தலை ஒரு குழிக்குள் இறங்கியிருந்தால் இரட்டைச் சுவர்.

ஹப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஃப்ரீவீல் வகையில் பற்சக்கரங்களின் கூட்டம் ஹப்பின் மேல் திருகப்படுகிறது. வலப் பக்க பால்ரஸ்கள் அந்தக் கூட்டத்துக்கு உள்பக்கமாக, நடுவை நோக்கித் தள்ளி உட்கார்ந்துவிடுகின்றன. அங்கிருந்து ஃபிரேம் வரை ஆக்சிலுக்கு, அதாவது சக்கரத்தின் அச்சுக்கு, எந்தத் தாங்கலும் கிடையாது. பற்சக்கரங்கள் கூடக்கூட அந்த நீளமும் கூடும், கனத்த ஆள் உட்கார்ந்தால் ஆக்சில் அந்த இடத்தில்தான் வளையும் அல்லது உடையும். பற்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் வலப் பக்க பால்ரஸ்கள் ஃபிரேமுக்கு அருகிலேயே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை பெரிதும் தீர்கிறது. பின்னால் ஆறு, ஏழு பற்சக்கரங்கள் என்றால் ஃப்ரீவீலாக இருக்க வாய்ப்பு அதிகம். எட்டும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் கேசட். என்ன வகை என்று வாய் திறந்து கேட்டுவிடுவதே நல்லது. நான் கேட்டேன், ஃப்ரீவீல் என்று பதில் வந்த இடத்திலெல்லாம் அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்தேன்.

எடை வரம்பு என்று கையேட்டில் போட்டிருப்பதை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். சிலர் ஓட்டுகிறவரின் எடையை மட்டும் சொல்கிறார்கள், சிலர் ஆள், சைக்கிள், சுமை எல்லாம் சேர்ந்த மொத்தத்தைச் சொல்கிறார்கள். 136 கிலோ என்று ஓர் எண் அடிக்கடி கண்ணில் படும். 300 பவுண்டை கிலோவாக மாற்றினால் வருவது அது. என் கணக்கு இப்படி: நான் 118, சைக்கிள் 15, பூட்டு, பம்பு, தண்ணீர், பை எல்லாம் சேர்ந்து 5. ஆக 138. மொத்த வரம்பு 136 என்றால் நான் ஏறி உட்கார்ந்து பையை மாட்டியதுமே எல்லையைத் தாண்டிவிட்டேன். அதே 136 ஆளுக்கு மட்டும் என்றால் தாராளமாக இடம் இருக்கிறது. எண் ஒன்றுதான், பொருள் வேறு.

இவ்வளவையும் வைத்துச் சலித்துப் பார்த்ததில், சுமையோடு நெடுந்தொலைவு போவதற்கென்று செய்யப்படும் வகையில் வந்து நின்றேன். குரோம்-மாலிப்டினம் எஃகு ஃபிரேம், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் எதுவும் இல்லாத நேர் ஃபோர்க், பின்னால் 36 கம்பிகள், கேசட் ஹப், டிஸ்க் பிரேக், மொத்த எடை வரம்பு 160 கிலோ. எஃகா அலுமினியமா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் இரண்டும் தாங்கும். ஸ்பிரிங் ஃபோர்க்கைத் தவிர்த்ததற்கு மட்டும் காரணம் இருக்கிறது. விலை குறைந்தவற்றில் ஸ்பிரிங்கின் விறைப்பு நடுத்தர எடைக்காரரை மனதில் வைத்து அமைந்தது. நான் ஓட்டிப் பார்த்த ஒன்றில் முன் பிரேக்கைப் பிடித்ததும் ஃபோர்க் அடிவரை அமுங்கிப்போய் இடித்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் ஃபோர்க் என்றால் எடைக்கு ஏற்பப் பம்பால் சரிசெய்துகொள்ளலாம். வேண்டியவர்கள் அதைப் பார்க்கலாம்.

வாங்கியதும் நேரே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரவில்லை. கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் இரண்டு சக்கரங்களையும் கொடுத்தேன். அவர் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து, பலமாகப் பிழிந்துகொண்டே சக்கரத்தைச் சுற்றி வந்தார். சில கம்பிகள் 'கிணுக்' என்று முனகின. "கம்பி முதலில் தன் இடத்தில் உட்கார வேண்டும், தம்பி. இப்போது உட்காராவிட்டால் சாலையில் உட்காரும்" என்றார். பிழிந்த பிறகு சக்கரம் இலேசாக ஆடியது. அதைத் திரும்ப நேராக்கி, வலப் பக்கத்து இறுக்கத்தைச் சற்றுக் கூட்டினார். சில வாரங்கள் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுபோனேன். பின் சக்கரத்தில் இடப் பக்கம் மட்டும் சிறிது தொட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் வாரக் கடைசியில் விரலால் மீட்டிப் பார்ப்பதோடு சரி. இதுவரை ஒரு கம்பியும் போகவில்லை.

டயரில் நிறைய விளையாடிப் பார்த்தேன். கூடவே வந்த 38 மில்லிமீட்டர் டயரில், பக்கவாட்டில் எழுதியிருந்த உச்ச அழுத்தம் வரை அடித்தால் ஒவ்வொரு சிறு கல்லும் முதுகுத்தண்டில் தெரிந்தது. குறைத்தால் பள்ளத்தில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளைகள் விழுந்தன. இரண்டு துளை கண்டால் ஆணியைத் தேடாதீர்கள், காற்று போதவில்லை என்று பொருள். ஃபிரேமில் இடம் இருந்ததால் 47 மில்லிமீட்டருக்கு மாறினேன். இப்போது காற்றழுத்தம் பின்னால் 55, முன்னால் 45 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பின்னால் பாரம் அதிகம் என்பதால் இரண்டிலும் ஒரே அளவு அடிப்பதில் நியாயமில்லை. டியூபிலிருந்து காற்று தானாகவே கசியும், விரலால் அமுக்கிப் பார்த்து அதை மதிப்பிட முடியாது. அளவுமானி வைத்த நின்றடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது என்னைப் போன்றவர்களுக்குக் கட்டாயம்.

சீட் விஷயத்தில் பலரும் சொன்ன யோசனை, மெத்தை போன்ற அகலமான ஸ்பிரிங் சீட். சிறிது தூரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு மென்மையான நுரை அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைத் தசை தாங்கியது. அகலம் தொடையில் உரசி எரிச்சல் வேறு. எனக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று அளக்க, கெட்டியான முக்காலியில் நெளிவு அட்டையை வைத்து, முழங்கால் சற்று உயர உட்கார்ந்து எழுந்தேன். இரண்டு இடுப்பெலும்புகளும் பதிந்த குழிகளின் மையங்களுக்கு நடுவே 138 மில்லிமீட்டர். அதைவிடச் சற்று அகலமான, கெட்டியான, எஃகுக் கம்பி அடிச்சட்டம் உள்ள சீட் ஒன்றை வாங்கினேன். முதலில் வலித்தது, பிறகு பழகிவிட்டது. சீட்டைத் தாங்கும் குழாயையும் பாருங்கள். அதில் 'இதற்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும்' என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தி ஓட்டுவது நம் எடைக்கு நேரடி ஆபத்து, குழாயும் வளையும், ஃபிரேமும் விரியும்.

கைப்பிடியைச் சீட்டின் உயரத்துக்கு மேல் ஏற்றினேன். குனிந்து ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றில் இடித்தது, மூச்சும் முட்டியது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டை 170-இலிருந்து 165 மில்லிமீட்டராக மாற்றியதும் முழங்கால் அவ்வளவு மேலே வருவதில்லை. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம், வித்தியாசம் முதல் மிதியிலேயே தெரிந்தது. பிளாஸ்டிக் பெடலை எடுத்துவிட்டு அகலமான அலுமினியப் பெடல் போட்டாயிற்று.

மேட்டில் காப்பாற்றுவது கியர். முன்னால் சிறியதில் 30 பற்கள், பின்னால் பெரியதில் 34. பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் சக்கரம் ஒரு முழுச் சுற்று வராது. மெதுவாகத்தான் ஏறும், ஆனால் முழங்காலில் வலி இல்லாமல் ஏறும். உயர் கியரில் அழுத்தி மிதித்து வீரம் காட்டுவது முழங்காலையும் செயினையும் ஒரே நேரத்தில் தேய்க்கும். இறக்கத்தில் கதை வேறு. எடை இரு மடங்கு என்றால் அதே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றலும் இரு மடங்கு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் அந்தச் சூடு முழுவதும் டயருக்குப் பக்கத்திலேயே சேரும். அதனால்தான் டிஸ்க் கேட்டு வாங்கினேன். முன்னால் 160 மில்லிமீட்டர் வட்டு இருக்கிறது. ஃபோர்க்கின் உற்பத்தியாளர் 180 வரை அனுமதித்திருப்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டேன், பிரேக் கட்டை தேய்ந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றப் போகிறேன்.

ஓட்டுகிற விதத்திலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். பள்ளம், வேகத்தடை தெரிந்தால் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் சமமாக வைத்து, சீட்டிலிருந்து சிறிது எழுந்து முழங்காலை மடக்கிக் கொடுக்கிறேன். முழு எடையும் சீட் வழியாகப் பின் சக்கரத்தில் குத்தாமல் காலிலும் கையிலும் பிரிந்துவிடுகிறது.

இப்போது கையில் எடுத்திருப்பது சுமையின் வேலை. பூட்டும் கருவிகளும் இதுவரை பின் கேரியரில் இருந்தன, ஏற்கெனவே அதிகம் சுமக்கிற சக்கரத்தின் மேலேயே அவற்றையும் ஏற்றியிருந்தேன். முன் ஃபோர்க்கில் தாழ்வாக மாட்டும் கேரியருக்குத் திருகு துளைகள் இருக்கின்றன. அங்கே இரண்டு சிறிய பைகளை மாட்டி ஓட்டிப் பார்க்கிறேன். திருப்பும்போது கைப்பிடி சற்றுக் கனமாகத் தெரிகிறது, நேர்ச் சாலையில் முன்பைவிட நிதானமாகப் போகிறது. பின் டயரின் அழுத்தத்தை இரண்டு பிஎஸ்ஐ குறைக்க முடிகிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும்.