இரவல் புத்தகச் செயலி: மூன்று வார நிலவரம்

நண்பர்கள் எடுத்துப் போகும் புத்தகங்கள் திரும்பி வருவதே இல்லை என்ற எரிச்சலில்தான் இதை ஆரம்பித்தேன். யார், எந்தப் புத்தகம், எந்தத் தேதி, திரும்பி வந்ததா, இவ்வளவுதான் தேவை. நோட்டில் எழுதினால் பத்து நிமிட வேலை. நான் முகப்புக்கு ரியாக்ட், சர்வருக்கு எக்ஸ்பிரஸ், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ் என்று மூன்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். முகப்பிலிருந்து டேட்டாபேஸ் வரை ஒரு செயலியை ஒருமுறையாவது தனியாகக் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, வேறென்ன.

நிரல் எழுத இரண்டு மாலைதான் ஆனது. மீதி நாட்களைத் தின்றது பெரும்பாலும் ஒரே ஒரு சொல்: லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இந்த மெஷினே' என்று பொருள்படும் முகவரி.

முகப்பை வைட் என்ற டெவலப்மென்ட் சர்வர் 5173ஆம் போர்ட்டில் (மெஷினுக்குள் ஒரு புரோகிராமின் கதவு எண் மாதிரி) ஓட்டுகிறது, எக்ஸ்பிரஸை 3000இல் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மெஷின்தானே என்று நான் நினைக்கலாம், பிரவுசர் அப்படி நினைப்பதில்லை. புரோட்டோகால், பெயர், போர்ட் மூன்றும் ஒத்துப்போனால்தான் அதற்கு ஒரே ஒரிஜின். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்லில் கேட்டால் பட்டியல் அழகாக வருகிறது, சர்வர் லாகில் 200, அதாவது எல்லாம் சரி என்று விழுகிறது, பிரவுசர் கன்சோலில் மட்டும் சிவப்பாக கோர்ஸ் பிழை: வேறு ஒரிஜினிலிருந்து வரும் பதிலுக்கு அனுமதி இல்லை என்று. பதில் வந்து சேர்ந்த பிறகுதான் பிரவுசர் அதைப் பக்கத்தின் கையில் கொடுக்க மறுக்கிறது என்று புரிய ஒரு ராத்திரி போனது. சரி என்று அந்த ஒரு ஒரிஜினுக்கு மட்டும் சர்வரில் அனுமதி கொடுத்தேன், ஓடியது.

அப்புறம் ஆர்வக்கோளாறில், வைட்டை நெட்வொர்க்குக்குத் திறந்துவிட்டு, லேப்டாப்பின் ஐபி முகவரியைப் போனில் அடித்துப் பார்த்தேன். பக்கம் வந்தது, பட்டியல் காலி. போனில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் லோக்கல்ஹோஸ்ட் 3000ஐக் கூப்பிட்டால் அது போனையேதானே கூப்பிடும்! முகப்பில் இருந்த முழு முகவரிகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வெறும் பாதையை மட்டும் வைத்தேன், ஏபிஐ என்று தொடங்குவதை 3000க்குத் திருப்பிவிடும்படி வைட்டின் புராக்ஸியில் நாலு வரி. கோர்ஸ் அனுமதியும் தேவையில்லாமல் போனது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு புரோகிராமையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் கம்போஸுக்கு மாற்றியதும் எக்ஸ்பிரஸ் எழுந்து, இணைப்பு மறுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் ஓடுகிறதா? ஓடுகிறது. அதன் போர்ட் 5432 திறந்திருக்கிறதா? லேப்டாப்பிலிருந்து நுழைய முடிகிறது. ஒரு மணி நேரம் கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டேன். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான்; பக்கத்துக் கன்டெய்னரை கம்போஸ் கோப்பில் உள்ள சர்வீஸ் பெயரால் கூப்பிட வேண்டும். பெயரை மாற்றினேன், மூன்று தடவையில் ஒரு தடவை மட்டும் மறுபடி அதே பிழை. எப்போதும் வரும் பிழையைவிட எப்போதாவது வரும் பிழைதான் ஆளைக் கொல்லும். போஸ்ட்கிரெஸுக்குப் பிறகே எக்ஸ்பிரஸ் கிளம்பட்டும் என்று டிபெண்ட்ஸ்-ஆன் போட்டிருந்தேன்தான், ஆனால் அது கன்டெய்னர் கிளம்பியதா என்று மட்டுமே பார்க்கும், உள்ளே டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்காது. டேட்டாபேஸ் தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் ஒன்று எழுதி, அது தேறும்வரை எக்ஸ்பிரஸைக் காத்திருக்கச் சொன்னதும் அடங்கியது.

நடுவில் ஒரு முட்டாள்தனம். அமைப்புகளை எழுதிவைக்கும் என்வ் கோப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றினேன், ஏற்கவில்லை. போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) அதைப் படிப்பது டேட்டா கோப்புறை காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தானாம். தெரியாமல் டேட்டா இருக்கும் வால்யூமையே அழித்துவிட்டேன். உட்கார்ந்து ஏற்றிய 40 புத்தகங்களும் போச்சு. இப்போது தினமும் பிஜி-டம்ப் வைத்து பேக்கப் எடுக்கிறேன்.

வெளியே உள்ள சர்வரில் ஏற்றியது சுருக்கமாக: அதன் 1 ஜிபி மெமரியில் முகப்பு பில்ட் (நிரலை பிரவுசருக்கான கோப்புகளாகத் தொகுப்பது) பாதியில் 137 என்ற எண்ணோடு செத்தது. மெமரி போதாமல் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலே கொன்றிருக்கிறது. லேப்டாப்பில் பில்ட் செய்து கோப்புகளை மட்டும் அனுப்பினேன். முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ். உள்பக்கத்தில் நின்று ரிஃப்ரெஷ் செய்தால் 404 வந்தது, ரியாக்டின் பாதைகள் என்ஜின்எக்ஸுக்குத் தெரியாது என்பதால். இல்லாத பாதைக்கெல்லாம் இன்டெக்ஸ் கோப்பையே கொடு என்று ஒரு வரி சேர்த்தேன்.

லாகின் இன்னும் எழுதவில்லை, அதனால் வெளியே திறக்கவில்லை, எஸ்எஸ்எச் டனல் (என் லேப்டாப்பின் ஒரு போர்ட்டை சர்வரோடு இணைக்கும் பாதுகாப்பான குழாய்) வழியாக நான் மட்டும் பார்க்கிறேன். என் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று அடித்தால், திறப்பது எங்கோ இருக்கும் அந்த சர்வர்.