கருங்காலிக் காடு இருந்த தீவில்

மொரீசியசுக்கு வந்து இது நான்காவது வருடம். ராஜபாளையத்தில் இருந்தவரை செண்பகத்தோப்புக் காடு எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. சாம்பல் அணில் மரம் விட்டு மரம் தாவுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே முதல் வருடம் முழுக்கக் கண்ணில் பட்டதெல்லாம் கரும்பும் கடலும்தான். வீடு, விசா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஒருவழியாக அமைந்தன. ரோஸ் ஹில் சந்தையில் முருங்கைக்கீரையை 'பிரெத் முரூம்' என்று இங்கே பேசும் கிரியோல் மொழியில் கேட்டு வாங்கப் பழகினேன். முருங்கைதான் முரூம் ஆகியிருக்கிறது என்று பிடிபட்ட அன்று மனசு நிறைந்துபோனது. ஆனாலும் காட்டுக்கு ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் வழி காட்டினார். பல தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம். கோயிலில் தேவாரம் பாடுவார், வீட்டில் பேசுவது கிரியோல். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் வாளியோடு எங்களையும் பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார், சீனக் கொய்யா பறிக்க. நெல்லிக்காய் அளவில் செக்கச்செவேல் என்றிருக்கும். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றால் நிறுத்த மனம் வராது.

அந்தக் கொய்யாதான் இந்தக் காட்டுக்குப் பெரிய எதிரி என்று அப்புறம்தான் தெரிந்தது. வெளியிலிருந்து வந்த செடி. குரங்குகளும் பன்றிகளும் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, புதராக மண்டி நாட்டு மரக்கன்றுகளை எழவே விடாது. பூங்காவில் சில இடங்களில் மானும் பன்றியும் நுழையாதபடி வேலி போட்டு, கொய்யாவைக் கையாலேயே களைகிறார்கள். எரிமலை எழுப்பிய இந்தத் தீவில், நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் அசல் காடு 2 சதவீதம்கூட இல்லை.

அதில்தான் மொரீசியஸ் வல்லூறு பிழைத்துக் கிடக்கிறது. உள்ளூரில் அதற்குக் 'கோழிதின்னி' என்று பெயர். அந்தப் பெயருக்காகவே சுட்டும் கொன்றிருக்கிறார்கள். காடு போனது, மலேரியாவுக்கு அடித்த டிடிடி பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டது. 1974ல் காட்டில் தெரிந்தவை வெறும் 4 பறவைகள். 1979ல் வந்த பறவைப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸ் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிக்கவைத்தார். முட்டை போனதும் தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிட்டது. அப்படிப் பெருகி இன்று சில நூறு ஆகியிருக்கிறது. அது மலைச்சரிவில் வட்டமிடுவதை முதல்முறை பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது.

சுற்றிப் பார்க்க நாள் குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது இல் ஓ ஸெக்ரெத். மாயேபூர் ஊர்ப் பக்கம் கரையிலிருந்து படகில் கொஞ்ச தூரம்தான். 26 ஹெக்டேர் குட்டித் தீவு, இது மட்டும் எரிமலைப் பாறை இல்லை, பவளப்பாறைச் சுண்ணாம்பு. மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது, வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். இந்த நாட்டின் பேராமைகள் அழிந்துபோனதால், அவை செய்த வேலையைச் செய்ய அல்டாப்ரா தீவின் பேராமைகளை விட்டிருக்கிறார்கள். பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் போடுவதுதான் அந்த வேலை. எங்களுக்கு இரண்டடி தள்ளி ஓர் இளஞ்சிவப்புப் புறா வந்து இறங்கியது. வெளிறிய ரோஜா நிறக் கழுத்து, துரு நிற வால், காலில் வண்ண வளையங்கள். 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்த இனம். என் மகள் மூச்சுகூட விடாமல் நின்றாள்.

அங்கேதான் கருங்காலியையும் பார்த்தேன். நம் ஊர்க் கருங்காலிக்கு உறவான மரம். டச்சுக்காரர்கள் இந்தக் கருங்காலிக்காகத்தான் காடு காடாக வெட்டிக் கப்பலேற்றினார்கள். இங்கே நட்டு வளர்க்கும் கன்றுகள் ஆண்டுக்கு ஆண்டு கண்ணுக்கே தெரியாமல்தான் உயர்கின்றன.

அப்பா போன வருடம் கருங்காலி மாலை வாங்கிப் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் முதல்முறையாக இங்கே வருகிறார். காலைப் படகில் அவருக்கும் ஓர் இடம் சொல்லிவைத்துவிட்டேன்.