கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் கால் வீங்கினா விட்டுடாதீங்க

அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணப்போ இடுப்புக்குள்ள இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தாங்க, அப்புறம் ரேடியேஷன் வேற. நோய் போச்சுன்னு நிம்மதியா இருக்கறப்போ இடது கால் மட்டும் சாயங்காலமானா கனக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, மெட்டி கழட்ட வரல, கணுக்கால்ல கட்டைவிரலை வச்சு அழுத்தினா குழி விழுந்து அப்படியே நிக்கும். சொந்தக்காரங்க யானைக்கால்னு முடிவே பண்ணிட்டாங்க, ராத்திரி ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. நெறியை எடுத்துட்டதால நிணநீர், அதாவது திசுக்கள்ல இருந்து வடியற தண்ணி, மேல ஏற வழியில்லாம கால்லயே தேங்குது, அதுதான் விஷயம், லிம்ஃபெடிமான்னு சொல்வாங்க.

எனக்கு ஆறவே ஆறாத கோவம், அப்போ பார்த்த ஒரு டாக்டர் "உயிர் பொழைச்சதே பெருசும்மா, இதெல்லாம் இருக்கும்"னு அனுப்பினதுதான். இந்த வியாதியில நாள் போகப்போக சிகிச்சைக்கான வழி குறைஞ்சுகிட்டே போகுதுங்க.

முதல்ல பேண்டேஜ், பிசியோ கையால மெதுவா தடவி விடற மசாஜ், ஸ்டாக்கிங்ஸ் இதுங்கதான். அதோட பிளாஸ்டிக் சர்ஜனையும் பாருங்க. விரல் இடுக்குல ஐசிஜின்னு ஒரு பச்சை டை ஊசி போட்டு இன்ஃப்ராரெட் கேமராவுல பார்ப்பாங்க, நிணநீர்க் குழாய் நல்லா இருந்தா ஸ்கிரீன்ல கோடா ஏறும், கெட்டுப்போயிருந்தா புகை மாதிரி பரவிடும். அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழ கோடு தெரிஞ்சுது, அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கோடு இருந்தா எல்விஏ பண்ணலாம். 1 மில்லிமீட்டர்கூட இல்லாத நிணநீர்க் குழாயை பக்கத்துல இருக்கற குட்டி சிரையோட மைக்ராஸ்கோப்ல பார்த்து தைக்கறது, ஜப்பான்ல இசாவோ கோஷிமா வளர்த்தெடுத்த முறை. வெட்டு சின்னதுதான். குழாயே வேலை செய்யலன்னா கழுத்துல இருந்தோ வயித்துக்குள்ள இருந்தோ நெறியை ரத்தக்குழாயோட எடுத்து கால்ல வைப்பாங்க. வருஷக்கணக்கா விட்டு கொழுப்பு சேர்ந்து கெட்டியாகி, அழுத்தினா குழியே விழலன்னா லைபோசக்ஷன்தான், ஸ்வீடன்ல ப்ரோர்சன்ங்கிற சர்ஜன் பல வருஷமா பண்ணி பலன் காட்டியிருக்கார், ஆனா அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ராப்பகலா ஸ்டாக்கிங்ஸ் போட்டே ஆகணும்.

அம்மாவுக்கு எல்விஏ பண்ணாங்க. கால் பழையபடி ஆகிடலை, ஸ்டாக்கிங்ஸும் தொடருது, ஆனா கனம் குறைஞ்சிருக்கு, தோலுக்கு அடியில கிருமி தொத்தி அடிக்கடி வந்த செல்லுலைட்டிஸ் காய்ச்சலும் இப்போ இல்ல. சேத்துப்புண் வந்தாகூட அதுவழியா கிருமி போய் கால் சிவந்து குளிர்ஜுரம் வந்துடும், அதனால விரல் இடுக்கை தினம் துடைச்சு பாருங்க. திடீர்னு வீங்கினாலோ வலி இருந்தாலோ ரத்தக்கட்டியா, நோய் திரும்பிடுச்சான்னு ஸ்கேன் எடுக்காம எந்த முடிவுக்கும் வராதீங்க. ரெண்டு காலையும் ஒரே இடத்துல டேப் வச்சு அளந்து தேதியோட எழுதி வச்சுக்கோங்க, அடுத்த செக்கப்புக்கு அந்த நோட்டோட போங்க.