ஒரே திருகில் கழன்று வரும் ரீல்

போன வசந்தத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு கராஜ் சேலில், துருப்பிடித்த ஸ்பேனர்கள் கிடந்த பெட்டிக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் பென் ஸ்க்விடர் 140, கடலில் மீன் பிடிக்கும் பழைய தூண்டில் ரீல். கைப்பிடி அசையவில்லை, நட்சத்திரச் சக்கரம் பச்சைக் களிம்பு ஏறி இறுகியிருந்தது, நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் பழைய தங்கூஸ் (நைலான் நரம்பு) மஞ்சள் பூத்துக் கிடந்தது. பத்து டாலர் சொன்னார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். இந்த ரீல் பிறந்த ஊர் பிலடெல்பியா, பக்கத்தில்தான். ஓட்டோ ஹென்ஸே என்பவர் 1932-ல் அங்கே பென் கம்பெனியைத் தொடங்கினார். ஸ்க்விடர் என்ற பெயருக்கும் கணவாய்க்கும் நேரடி சம்பந்தம் இல்லை. இந்தக் கரையோரத்தில் பளபளக்கும் தகர உலோக இரையை 'ஸ்க்விட்' என்பார்கள், அதை அலைக்குள் வீசி இழுக்கிறவருக்காகச் செய்த ரீல் இது.

நான் தூத்துக்குடிப் பக்கம் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவன். வெறும் தங்கூஸைக் கையில் பிடித்திருக்கும்போது எவ்வளவு விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை விரல்தான் முடிவு செய்யும், தப்பினால் நரம்பு விரலை அறுத்துவிடும். இந்த மாதிரி ரீல்கள் மனசுக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். இதில் மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு இறுக்கத்தில் விடுவது என்ற வேலை நட்சத்திரச் சக்கரத்துக்கு, வீசும்போது ஸ்பூலை அடக்கும் வேலை கட்டைவிரலுக்கு.

அந்த நட்சத்திரத்துக்கு ஒரு கதை உண்டு. அதற்கு முந்தைய ரீல்களில் பெரிய மீன் ஓடினால் ஸ்பூலோடு சேர்ந்து கைப்பிடியும் பின்னால் சுழலும், விரல் முட்டி உடைந்தவர்கள் நிறையப் பேர். கலிபோர்னியாவின் கேடலினா தீவில் வாள்மீன் பிடித்துக்கொண்டிருந்த வில்லியம் போஷன், மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போதும் கைப்பிடி அசையாமல் நிற்க வேண்டும் என்று யோசித்தார். புரூக்ளினில் ரீல் செய்த ஜூலியஸ் வோம் ஹோஃப் அதைச் செய்து கொடுத்தார். 1913-ல் அந்த ரீலில்தான் போஷன் தன் வாள்மீனைப் பிடித்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை: பெரிய கியருக்குள் வாஷர்களை அடுக்கி, மேலிருந்து நட்சத்திரத்தால் அழுத்துவது, அவ்வளவுதான்.

சரி, ரீலுக்கு வருகிறேன். ஸ்க்விடரில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே ஒரு திருகைக் கையால் தளர்த்தித் தட்டைக் கொஞ்சம் திருப்பினால் கைப்பிடிப் பக்கம் முழுசாகக் கழன்று ஸ்பூல் கையில் வந்துவிடும். அந்தக் காலத்தில் லினன் நூல் போடுவார்கள், ஒவ்வொரு முறையும் உலர்த்தாவிட்டால் உளுத்துப் போகும். கரையில் நின்றபடியே ஸ்பூலை மாற்றிக்கொள்ள இந்த அமைப்பு எவ்வளவு உதவியிருக்கும்!

என் ரீலில் அந்தத் திருகே இறுகியிருந்தது. ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்தேன், மறுநாள் கையாலேயே திரும்பியது. இடுக்கி போட்டிருந்தால் திருகின் விளிம்பு போயிருக்கும். மற்ற திருகுகளுக்கும் இதேதான், காடிக்குச் சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள்.

உள்ளே கியரைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற பாகத்தைத் தூக்கும்போது துணியை மேலே போட்டு மெதுவாகத் தூக்குங்கள். அதில் இரண்டு குட்டி ஸ்பிரிங் இருக்கிறது, அழுத்தம் போனதும் துள்ளும். எனக்கு ஒன்று துள்ளி, கார்ப்பெட்டில் அரை மணி நேரம் காந்தத்தோடு தேடினேன். பித்தளைப் பாகங்களில் களிம்பைப் புளி வைத்துத் தேய்த்தேன், அம்மா குத்துவிளக்கு தேய்ப்பது போலவே, பொன்னாக வந்தது. குரோம் பூசியதன் மேல் புளி வேண்டாம், கம்பி நாரும் வேண்டாம், சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும்.

நான் மாற்றியது வாஷர்களை மட்டும்தான். பழையவை கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, பிடித்தால் ஒரேயடியாகப் பிடித்து, விட்டால் ஒரேயடியாக விட்டன. அப்படி வெட்டி வெட்டி ஓடும்போதுதான் நரம்பு அறும். கார்பன் வாஷர் செட் இன்றும் கிடைக்கிறது. அடுக்கும் வரிசையில் கவனம் வேண்டும்: முதலில் கார்பன், அப்புறம் நடுத்துளை தட்டையாக வெட்டிய உலோகம், கார்பன், காது வைத்த உலோகம், கார்பன், மேலே மறுபடி தட்டைத் துளை உலோகம். காது உள்ளது கியரோடு சுற்றும், மற்றது கைப்பிடியோடு நிற்கும். பழைய பென் பாகங்களின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் தேடுவதும் எளிது, 13 என்று தொடங்கினால் பினியன் என்ற சின்ன கியர், 15 என்றால் கைப்பிடி, 29 என்றால் ஸ்பூல்.

கியருக்கு கிரீஸ். ஸ்பூல் பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டும், அங்கே கிரீஸ் வைத்தால் வீச்சு பாதியில் நின்றுவிடும்.

ஸ்பூலைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்லணும். இந்த ரீல்களில் பிளாஸ்டிக் ஸ்பூலும் உண்டு, அது லினன் நூல் காலத்துக்குச் சரி. நைலான் இழுபட்டு நீண்ட நிலையில் சுற்றப்பட்டால் பிறகு சுருங்கி ஸ்பூலை நெரிக்கும், பிளாஸ்டிக் தாங்காது. தங்கூஸ் போடுவதென்றால் உலோக ஸ்பூல் பாருங்கள். எனக்குக் கிடைத்தது நல்லவேளை உலோகம்.

அக்டோபரில் இங்கே நியூ ஜெர்சிக் கடற்கரையான ஐலண்ட் பீச்சுக்கு எடுத்துப் போனேன். முதல் வீச்சிலேயே குருவிக்கூடு மாதிரி சிக்கல், ஈயம் தண்ணீரைத் தொடும் நேரத்தில் கட்டைவிரலை அழுத்தத் தவறினேன். அடுத்த ஒரு மணி நேரம் மெதுவாக, பாதி தூரத்துக்கு மட்டும் வீசிப் பழகினேன். விரல் நுனி ஸ்பூல் விளிம்பை லேசாக உரசிக்கொண்டே இருக்க வேண்டும், புது ரீல்களில் ஸ்பூலை அடக்கும் மேக்னட் பிரேக் மாதிரி எதுவும் இதில் எனக்காக அதைச் செய்யாது. 20 பவுண்டு நரம்புக்கு டிராகை, அதாவது நட்சத்திரத்தின் இறுக்கத்தை, 6 பவுண்டில் தராசு வைத்துப் பார்த்து அமைத்திருந்தேன்.

இருட்டும் நேரத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற கோடு போட்ட மீன் ஒன்று இரையை எடுத்தது. நரம்பு ஒரே சீராக, வெட்டாமல் ஓடியது. கைப்பிடி என் கையில் அப்படியே நின்றது. மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, அளவில் சின்னது என்று அலையிலேயே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரீலை நல்ல தண்ணீரில் லேசாக அலசினேன், ஹோஸை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து, வாஷர்கள் நசுங்கிக் கிடக்காமல் நட்சத்திரத்தைத் தளர்த்தி வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.