சஃபோக் காட்டில் ஒரு பதுங்கறையைத் தேடி

இங்கிலாந்தில், சஃபோக் வட்டாரத்தில் நான் குடியிருக்கும் கிராமத்தில் போர்க்காலப் பதுங்கறை ஒன்று உண்டு என்பார்கள். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். 1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்ததும், ஜெர்மன் படை கரையிறங்கினால் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து நாசவேலை செய்ய, கர்னல் காலின் கபின்ஸ் தலைமையில் ரகசியமாகத் திரட்டிய ஆக்சிலரி யூனிட்ஸ் படையினரின் இடம் அது.

இந்தத் தேடலில் இறங்க நினைப்பவர்கள் காட்டை விட்டுவிட்டுப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 199 என்ற போர் அலுவலக வரிசைக் கோப்புகளில் குழுவினரின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அதில் பதுங்கறை இருந்த இடம் கிடைக்காது. ஆனால் அந்தப் பெயர்களை 1939 செப்டம்பரில் எடுத்த குடிமக்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அவரவர் தொழில் தெரிந்துவிடும். எங்கள் ஊர்க் குழுவில் பெரும்பாலும் விவசாயிகள். ஒருவர் மட்டும் வேட்டைக்காட்டுக் காவலாளி. எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. அவர் காவல் காத்த காடு எது என்று பழைய நில அளவை வரைபடத்தில் பார்த்தேன். அப்புறம் அரசு இலவசமாகத் தரும் லிடார் படத்தில், அதாவது லேசர் கதிரால் மரங்களுக்கு அடியிலுள்ள மேடுபள்ளங்களைக் காட்டும் படத்தில், அதே காட்டைப் பெரிதாக்கினேன். மரங்களுக்கு அடியில் நீள்சதுரமாக ஒரு பள்ளம்!

நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கித்தான் போனோம். நெளிதகரக் கூரை பாதி சரிந்து கிடந்தது. ஒரு முனையில் இறங்குகுழியின் செங்கல் சுவர். மறுமுனையில் தப்பியோடும் சுரங்கத்தின் வாய், ஒரு ஆள் தவழ்ந்து போகும் அகலம்தான். இரண்டு வாரத்துக்கான உணவோடும் வெடிபொருளோடும் இதற்குள் இருந்து சண்டை போட வேண்டும் என்பது திட்டம். அதற்குமேல் உயிரோடிருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சேற்றில் நின்றபடி அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

காவலாளியின் மகளுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. "அப்பா ஹோம் கார்டில் இருந்தார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார். ஹோம் கார்டு என்பது உள்ளூர்த் தன்னார்வலர்களின் காவல்படை. ரகசியக் காப்புச் சட்டத்தின்கீழ் கையெழுத்திட்டிருந்த அந்தக் காவலாளி, மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் சிவப்பும் நீலமுமாகக் கேடய வடிவில், பட்டாலியன் எண்கள் பொறித்த ஒரு சின்னம் இருந்தது. 1944 நவம்பரில் படையைக் கலைத்த பிறகு கொடுத்தது. அது என்ன என்று நான் விளக்கியதும் அந்த அம்மா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய வெடிபொருள் கண்ணில் பட்டால் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் உறங்கும், அவற்றைக் கலைப்பது சட்டப்படி குற்றம். அளவுகளையும் படங்களையும் இந்தப் படையின் வரலாற்றைத் தொகுக்கும் பிரிட்டிஷ் ரெசிஸ்டன்ஸ் ஆர்கைவுக்கு அனுப்பிவிட்டேன். இடத்தைத் துல்லியமாக வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார், அதனால் காட்டின் பெயரை இங்கே எழுதவில்லை.